கங்கம்மாள் வீட்டுப் பாடு

யாரோ பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

படகு என்றால் பீடி நாற்றம் இருக்கத்தான் செய்யும். ஆனால் இந்தப் படகில் இருந்தது நான்கே பேர். படகின் சொந்தக்காரர் ஷேக் தாவூத் பாய்க்கு மூக்குப்பொடி மட்டும்தான் பழக்கம். மன்றத் தலைவர் செங்கல்வராயன் சுருட்டுப் பிரியர்; டாக்டர் தடுத்துவிட்டதால் இப்போதெல்லாம் பற்றவைக்காத சுருட்டை வாயில் வைத்துக்கொண்டு கௌரவத்தை மட்டும் காப்பாற்றி வந்தார். படகு தள்ளும் அருணகிரியின் இரண்டு கைகளும் கழியில் இருந்தன. மிச்சம் ஆதிகேசவன். அவன் ஆயுளில் புகைந்தது வீட்டு அடுப்பு ஒன்றுதான்.

சுற்றிலும் தை மாதத்துப் பனி, விடிந்து வெகுநேரமாகியும் கலைய மனமில்லாமல், ஏரியின்மேல் ஆறிப்போன கஞ்சிபோல் ஏடு கட்டிக் கிடந்தது. கழி தண்ணீரில் இறங்கும் சத்தம் கேட்டதே தவிர, இறங்கும் இடம் கண்ணுக்குத் தெரியவில்லை. அந்த வெள்ளைக்குள்ளிருந்து, நமுத்துப்போன பீடியை யாரோ விடாப்பிடியாக இழுத்து இழுத்துக் குடிப்பதுபோல், புகையும் சேறும் கலந்த வாடை ஒன்று வந்து அவன் மூக்கருகே நின்றுகொண்டது. படகு நகர்ந்தது. வாடையும் கூடவே நகர்ந்தது.

"பாய், பீடி வாசன வர்துங்களே."

"ஏரி இன்னா உன் பள்ளிக்கூடமா தம்பி, பீடி குடிக்கக் கூடாதுன்னு போர்டு மாட்றதுக்கு? எவனாச்சும் வலை போட்டுக்கினு இருப்பான்" என்றார் தாவூத் பாய். ஆனால் திறந்த பொடி டப்பியை, பொடி எடுக்காமலேயே மூடினார்.

"அமைதி! அமைதி!" என்றார் செங்கல்வராயன். "இயற்கை பேசுகிறது. நாம் பேசக் கூடாது."

இயற்கை பேசுவதற்கு அவர் எப்போதாவது இடம் கொடுத்ததாக ஆதிகேசவனுக்கு நினைவில்லை. அவருடைய மகன் ஒரு கப்பல் கம்பெனியில் வேலை பார்த்ததால் சலுகை டிக்கெட்டில் நார்வே தேசத்துக்குப் போய்வந்தவர் அவர். அங்கே செங்குத்தான மலைகளுக்கு நடுவே கடல் நெடுந்தூரம் உள்ளே புகுந்து கிடக்குமாம். அதற்கு ஃபியார்டு என்று பெயராம். அதன் முனையில் பனியாறு ஒன்று மலையிலிருந்து இறங்கி வந்து தண்ணீரில் கால் வைக்குமாம். பார்த்தது சில நாள்தான். பேசுவதுதான் இரண்டு வருஷமாக முடியவில்லை. திருவள்ளூரில் அவருடைய நார்வே சொற்பொழிவைக் கேட்காதவர்கள் இரண்டு வகையினர்: காது கேளாதவர்கள், வெளியூர்க்காரர்கள்.

பேசிப் பேசி அலுத்து, அவரே ஒரு 'இயற்கை ரசிகர் மன்றம்' தொடங்கி, நார்வேயைப் பழவேற்காட்டுக்குக் கொண்டுவந்துவிடத் தீர்மானித்தார். மலை இல்லை. பனிக்கட்டி இல்லை. கப்பலும் இல்லை. பாயின் உப்புப் படகைக் கழுவி, அதில் பிரம்பு நாற்காலி போட்டதும் 'ஆராய்ச்சிக் கப்பற்பயணம்' தயாராகிவிட்டது. இளஞ்சிவப்புப் பூநாரைகளைக் காண, மனிதர் காலடி படாத பகுதிகளுக்குச் செல்கிறோம் என்று நோட்டீஸ் அடித்தார். அந்தப் பகுதியில் இடுப்பளவுத் தண்ணீரில் ஊரே தினமும் நடந்துபோய் மீன் பிடிக்கிறது என்பதை அவரிடம் சொல்ல எவருக்கும் துணிவில்லை. பெயர் கொடுத்த உறுப்பினர்கள் அனைவருக்கும், விடியலில் புறப்பாடு என்று தெரிந்த அன்றே காய்ச்சல் வந்துவிட்டது.

ஆதிகேசவனுக்குக் காய்ச்சல் வர வழியில்லை. செங்கல்வராயன் தாளாளராக இருந்த பள்ளிக்கூடத்தில் அவன் தற்காலிகக் குமாஸ்தா. வேலை நிரந்தரமாவது அவருடைய ஒரு தலையசைப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. தான் மன்றத்தின் செயலாளர் என்பதையே அவன் நோட்டீஸைப் படித்துத்தான் தெரிந்துகொண்டான். "உம்ம சம்சாரம் நன்றாகச் சமைப்பாளாமே?" என்று அவர் கேட்டபோது "சரிங்க ஐயா" என்றான். அந்தக் கேள்விக்கு அது பதிலே இல்லை. ஆனாலும் அவருக்கு அது போதுமானதாக இருந்தது. இப்போது பூவம்மாள் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பழவேற்காட்டுக் கரையில் கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டி, மன்றத்தின் மதிய விருந்துக்காக உலை வைத்துக்கொண்டிருப்பாள். படகு ஏறும்போது, "சீக்கிரம் வந்துடுங்க, கொயந்த உங்க கையில இருந்தாத்தான் தூங்குது" என்றாள்.

அருணகிரி கழியை ஊன்றிப் படகை நிறுத்தினான்.

முன்னால் தண்ணீரில் ஒரு கம்பு நட்டிருந்தது. அதன் தலையில் பனையோலை கட்டியிருந்தது.

"இத்தோட திரும்பிக்கலாம் தொரை" என்றான் அருணகிரி.

"பூநாரைகள் எந்தப் பக்கம்?"

"பூநாரை அந்தாண்டதான் கீது. ஆனா இன்னிக்கி அந்தாண்ட போவக் கூடாது. வேற ஒருத்தங்க பாடு."

"பாடா? என்ன பாடு?"

பாய் குறுக்கே வந்தார். பனியில் கேட்ட தம் குரலே அவருக்குத் தெம்பு கொடுத்திருக்க வேண்டும். வேண்டியதைவிடச் சத்தமாகப் பேசினார். "பாடுன்னா முறை சார். ஏரில நல்ல நல்ல எடமா பாத்து, சீட்டு குலுக்கிப் போட்டு, இன்னிக்கு உன் பாடு, நாளைக்கு என் பாடுன்னு பிரிச்சிக்குவாங்க. அடுத்தவன் பாட்டுல போயி நின்னா டப்பு கட்டித் தப்பிக்க முடியாது. ஆளு குடுக்கணும். நம்மாளு ஒருத்தன் எறங்கி அவங்க வலைய இழுக்கணும். அவங்காளு ஒருத்தன் கரையேறி நம்ம ஊட்டுல சோறு துன்னுட்டு ரெஸ்ட் எடுப்பான். என் மச்சான் அசன் முகைதீன் ஒருதபா தெரியாம மாட்டிக்கினு, பொழுதெல்லாம் வலை இழுத்துட்டு ஊட்டுக்கு வந்தா, அவன் பாயில ஒருத்தன் காலை நீட்டிப் படுத்துக்கினு, 'வாங்க வாங்க, உக்காருங்க'ன்றான்! என் தங்கச்சி குல்சும் அவனுக்கு விசிறிக்கினு கீது!"

ஆதிகேசவன் சிரித்தான். பாயும் சிரித்தார். அருணகிரி சிரிக்கவில்லை.

"இன்றைக்கு யாருடைய முறையோ?" என்றார் செங்கல்வராயன்.

அருணகிரி கம்பைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "கங்கம்மா ஊட்டுக்காரங்க பாடு."

"அவர்களிடம் சொல்லிக்கொள்ளலாமே. எங்கே அவர்கள்?"

"புயல்ல பூட்டாங்க தொரை. முகத்துவாரத்துல படகு கவுந்துச்சி. ஆறு பேரு, அண்ணந்தம்பி மாமன் மச்சான். பொணம் கரைக்கு வர்ல. பொணம் வராம சீட்டுலேந்து பேர எடுக்க மாட்டோம். அவங்க பேர்ல பாடு வுயுந்தா, அன்னிக்கி யாரும் இந்தப் பக்கம் தலை வெச்சிப் படுக்க மாட்டோம்."

"இறந்தவர்களுக்கு முறை வைத்து மீன் பிடிக்க இடம் ஒதுக்கியிருக்கிறீர்கள்!" செங்கல்வராயனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டம் நடக்கிற நாட்டில்! அப்படியானால் அந்த ஓலையைக் கட்டியது யார், ஆவியா?"

"அந்த ஊட்ல மிஞ்சினது கங்கம்மா ஒண்ணுதான், அதான் எப்பவும் வந்து கட்டும்" என்றான் அருணகிரி. அப்புறம், குரலை இறக்கிச் சொன்னான். "அதுவும் கார்த்திகை மாசம் செத்துப்பூட்சி."

நான்கு பேரும் ஓலையைப் பார்த்தார்கள். பச்சை ஓலை. அப்போதுதான் வெட்டியதுபோல் அடிக்காம்பு வெளுப்பாக இருந்தது. நுனியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது.

"சார், திரும்பிடலாம் சார்" என்றார் பாய். சிரிப்பு போய்விட்டிருந்தது. "பூநாரை எங்கியும் பூடாது."

"நார்வேயில் இப்படித்தான் ஒரு மாலுமி பயந்தான். கேப்டன் என்ன செய்தார் தெரியுமா? காபி கொண்டுவரச் சொன்னார்." செங்கல்வராயன் காதுவரை மூடியிருந்த கம்பளித் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "இது சர்க்கார் தண்ணீர். செயலாளர் என்ன சொல்கிறார்?"

ஆதிகேசவனின் உள்ளே இருந்ததெல்லாம் 'வேண்டாம்' என்று சொல்லிக்கொண்டிருந்தது. வாய்தான் வேறு உத்தியோகத்தில் இருந்தது.

"சரிங்க ஐயா."

அருணகிரி அவனை ஏற இறங்கப் பார்த்தான். கழியைத் தூக்கும் முன் குனிந்து, அவனுக்கும் பாய்க்கும் மட்டும் கேட்கும்படி சொன்னான். "கொரலு குடுத்தா பதில் பேசாதீங்க. நாம பேசலைன்னா அவங்களால ஒண்ணியும் பண்ண முடியாது. ஆளு கேட்டாலும், எறங்கறவன் தன் வாயால சரின்னு சொன்னாத்தான் செல்லும். வழக்கம் அப்டி. வாய மூடிக்கினு இருங்க, தாண்டிப் பூடலாம்."

படகு ஓலைக் கம்பைக் கடந்தது.

கடந்ததும் முதலில் மாறியது சத்தம்தான். அதுவரை பனிக்குப் பின்னால் எங்கோ ஒரு காகம், கரையில் யாரோ மரம் பிளக்கும் ஓசை, தூரத்தில் ஒரு கோயில் மணியின் வால்முனை என்று உலகம் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கான அடையாளங்கள் கொஞ்சம் கொஞ்சமாவது வந்துகொண்டிருந்தன. இப்போது காதில் பஞ்சு வைத்ததுபோல் எல்லாம் அடங்கி, கழியிலிருந்து சொட்டும் நீரும், செங்கல்வராயனின் நாற்காலி கிரீச்சிடுவதும், தன் தொண்டையில் எச்சில் இறங்குவதும் மட்டும் ஆதிகேசவனுக்குப் பெரிதாகக் கேட்டன. பீடி வாடை அடர்ந்தது. இப்போது அது ஒரு பீடியின் வாடையல்ல. பல பேர் சேர்ந்து குடிக்கும் வாடை, வேலைக்கு நடுவே ஓய்வில் உட்கார்ந்திருப்பவர்களின் வாடை.

பூநாரைகள் இருந்தன.

நூற்றுக்கணக்கில் நின்றன. படகு அவற்றுக்கு நடுவே புகுந்தபோதும் ஒன்றுகூடப் பறக்கவில்லை. கழுத்தை நிமிர்த்தி, எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. கழி ஒரு பறவையின் இறக்கையில் உரசியது. அது தலையைக்கூடத் திருப்பவில்லை.

"அற்புதம்!" என்றார் செங்கல்வராயன். "செயலாளரே, குறித்துக்கொள்ளும். மனிதரைக் கண்டு அஞ்சாத பறவைகள். இவை மனிதரைப் பார்த்ததே இல்லை."

அவை மனிதரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கின்றன என்று ஆதிகேசவனுக்குத் தோன்றியது. நம்மை அல்ல.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது. ஈரக் கயிறு கையில் வழுக்கி வரும் சத்தம். இழுத்து, நிறுத்தி, மூச்சு விட்டு, மறுபடியும் இழுத்து. அதோடு இடுப்பளவுத் தண்ணீரில் பலபேர் சேர்ந்து அடியெடுத்து வைக்கும் சளப்பு. பேச்சு இல்லை, பாட்டு இல்லை. வலை இழுப்பவர்கள் வாய் ஓயாமல் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே இழுப்பார்கள் என்பது ஏரிக்கரைப் பக்கம் ஒரு தடவை போனவனுக்கும் தெரியும். இவர்கள் திட்டவில்லை.

படகு நின்றது.

அருணகிரி நிறுத்தவில்லை. அவன் கழியை முழுப்பலத்தோடு தள்ளினான். படகு அசையவில்லை. ஆதிகேசவன் விளிம்பில் குனிந்து பார்த்தான். படகின் அடியை உரசிக்கொண்டு ஒரு கயிறு போனது. கயிற்றில் மிதவைக் கட்டைகள். ஒவ்வொன்றாக வெளியே வந்தன. மெதுவாக. பாசி படர்ந்த கட்டைகள். முடிவே இல்லாமல்.

பாய் கண்ணை மூடிக்கொண்டார். அவர் உதடுகள் ஓதிக்கொண்டிருந்தன. அருணகிரி கழியைப் போட்டுவிட்டுக் குந்தி உட்கார்ந்து, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான்.

பனிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. கோபமில்லாத, களைத்துப்போன குரல்.

"யாரு பாட்டுல வந்து நிக்கிறீங்க?"

செங்கல்வராயன் கம்பளித் தொப்பியைக் காதுக்கு மேல் ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"உங்களத்தான் நைனா. யாரு பாட்டுல நிக்கிறீங்க?"

பேசாதே. பல்லைக் கடி. நாக்கை மடக்கு. ஆதிகேசவன் குழந்தையை நினைத்துக்கொண்டான். அதன் உச்சந்தலை வாசனை. அரிசி மாவும் எண்ணெயும். அதைப் பிடித்துக்கொண்டான். தாண்டிப் போய்விடலாம். இன்னும் கொஞ்சம்.

செங்கல்வராயன் எழுந்து நின்றார். கேள்வி என்று ஒன்று காதில் விழுந்து, அதற்குப் பதில் சொல்லாமல் அவர் இருந்ததே கிடையாது.

"நாங்கள் திருவள்ளூர் இயற்கை ரசிகர் மன்றத்தார்!" என்று மேடைக் குரலில் முழங்கினார். "ஆராய்ச்சிப் பயணமாக வந்திருக்கிறோம்! நான் தலைவர்!"

கயிறு நின்றது. சளப்பும் நின்றது.

"அப்ப ஆளு குடுங்க" என்றது குரல்.

"ஆள்தானே? தாராளமாக! கிராம மக்களின் தொழில்முறைகளை அருகிலிருந்து பார்ப்பதும் மன்றத்தின் நோக்கம்தான். எங்கள் செயலாளர் வருவார்."

அருணகிரியின் தொண்டையிலிருந்து ஒரு முனகல் வந்தது. அவன் ஆதிகேசவனைப் பார்த்துத் தலையை ஆட்டினான். வேண்டாம். வேண்டாம். பாய் கண்ணைத் திறந்து, விரலைத் தன் உதட்டின்மேல் வைத்துக் காட்டினார்.

தெரியும். ஆதிகேசவனுக்குத் தெரியும். வாயைத் திறக்கக் கூடாது. அவ்வளவுதான். உலகத்திலேயே சுலபமான வேலை. கல்லால்கூட முடியும்.

செங்கல்வராயன் திரும்பினார். புருவத்தை உயர்த்தினார். பள்ளிக்கூட வராந்தாவில் தினமும் உயர்த்தும் அதே புருவம்.

"என்ன, ஆதிகேசவன்?"

"சரிங்க ஐயா."

சொல்லி முடித்தபிறகுதான் அவனுக்கே கேட்டது.

படகு சாயவில்லை. யாரும் அவனைத் தொடவில்லை. குளிர். இடுப்புவரை குளிர். காலடியில் சேறு. கையில் கயிறு.

அவனுக்கு முன்னால் ஐந்து முதுகுகள் வரிசையாக நின்றன. எல்லோரும் இழுத்தார்கள். அவனும் இழுத்தான். நிறுத்த நினைத்தான். கைகள் நிற்கவில்லை. கயிறு உள்ளங்கையில் வழுக்கவில்லை. அங்கேயே முளைத்ததுபோல் இருந்தது. தன்னால் பேச முடிகிறது என்று தெரிந்ததும், முன்னால் இருந்த முதுகிடம் கேட்டான்.

"அண்ணே, பாடு எப்ப முடியும்?"

"வலை கரையேறினா முடியும்" என்றது அந்த முதுகு.

"எப்ப கரையேறும்?"

ஐந்து பேரும் திரும்பினார்கள். அவர்களுக்கே அந்தக் கேள்வி புதிதாக இருந்ததுபோல் அவனைப் பார்த்தார்கள். அவர்களுடைய முகங்களில் மீன்கள் விட்டுவைத்தது கொஞ்சம்தான். மறுபடியும் திரும்பிக்கொண்டு இழுத்தார்கள்.

பனி விலகத் தொடங்கியது.

சட்டென்று, ஒரு துணியைச் சுருட்டி எடுப்பதுபோல் விலகியது. வெயில் வந்தது. எங்கோ தொலைவில் இருப்பதாக நினைத்த கரை, கூப்பிடு தூரத்தில் இருந்தது. பூவரச மரம் தெரிந்தது. கல் அடுப்பும் அதன் புகையும் தெரிந்தன. பூவம்மாள் தெரிந்தாள்.

படகு கரையை நெருங்கிக்கொண்டிருந்தது. அருணகிரி பேய்த்தனமாகத் தள்ளினான். பின்னால் திரும்பவே இல்லை. பாய் படகின் முனையில் சுருண்டு கிடந்தார். செங்கல்வராயன் நாற்காலியில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தார், எதிரே இருந்த ஆளிடம். எதிரே இருந்த ஆள் ஆதிகேசவனின் சட்டையைப் போட்டிருந்தான். ஆதிகேசவனின் முகத்தையும் வைத்திருந்தான். அவனைச் சுற்றிப் பலகையெல்லாம் தண்ணீர்.

"பூவம்மா!"

கத்தினான். தொண்டை கிழியக் கத்தினான். ஒரு பூநாரை மட்டும் தலையைத் திருப்பிப் பார்த்தது.

படகு கரை தட்டியது. அந்த ஆள் இறங்கினான். நிலத்தில் நடந்து நாளாகிவிட்டவனைப்போல் ஒவ்வொரு காலாக ஊன்றி நடந்தான். அடுப்பருகே போய், பசியோடு வந்தவன் உட்காருவதுபோல் சம்மணமிட்டு உட்கார்ந்தான். பூவம்மாள் ஏதோ கடிந்துகொண்டாள். தண்ணீரில் விழுந்துவிட்டீர்களா என்று கேட்டிருப்பாள். இலை போட்டாள். சோறு வைத்தாள். அவன் இரண்டு கையாலும் அள்ளித் தின்றான். அவள் மறுபடி வைத்தாள்.

அப்புறம் குழந்தையைத் தூக்கி அவன் மடியில் விட்டாள்.

"வேணாம். வேணாம் பூவம்மா. வேணாம்."

எவ்வளவு சுலபமாக வருகிறது அந்தச் சொல். இழுத்துக்கொண்டே சொன்னான்.

குழந்தை அந்த ஈர மார்பில் முகத்தை வைத்துக்கொண்டது. கை ஒன்று மெல்ல எழுந்து அதன் முதுகைத் தட்டியது. கொஞ்ச நேரத்தில் குழந்தையின் கால்கள் அசைவதை நிறுத்தின. தூங்கிவிட்டது என்று பூவம்மாள் நிம்மதியாகச் சிரித்தாள். அவன் பின்னால் மண்டியிட்டு, முந்தானையால் அவன் தலையைத் துவட்டினாள். தண்ணீர் வழிந்தது. துவட்டினாள். வழிந்தது. காதோரமாக, கழுத்து வழியாக, குழந்தையின்மேல் வழிந்துகொண்டே இருந்தது. பூவம்மாள் முந்தானையை ஒட்டப் பிழிந்து உதறிவிட்டு, மறுபடியும் துவட்டத் தொடங்கினாள்.